பழைய டிராக்டரும் ஒரு விஞ்ச்சும்

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1984-ல் மெக்கானிக்கல் முடித்து வெளியே போன செட். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங், நாலைந்து வெல்டிங் செட். அவ்வளவுதான். "தொழில் முனைவோர் ஆவது எப்படி" என்று பேசச் சொல்லி சங்கச் செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். நானும் எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் காலையில் உங்கள் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த எட்டுப் பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

மூன்றாம் வருஷ மாணவர்கள் ஒரு மாடல் வைத்திருந்தார்கள். பழைய டிராக்டரின் ஹைட்ராலிக்கிலிருந்து ஹோஸ் எடுத்து, ஒரு ஆர்பிட் மோட்டாரைச் சுற்ற வைத்து, அதில் ஒரு டிரம், டிரம்மில் ஒயர் ரோப். அதாவது ஹைட்ராலிக் விஞ்ச். வேலைப்பாடு நன்றாக இருந்தது, வெல்டிங்கை நான் குறையே சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்ற தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "லோடு அந்தரத்தில் தொங்கும்போது பிரஷர் போய்விட்டால் என்ன ஆகும்?" அவர் கொஞ்சமும் தயங்காமல், "லீவரை நடுவுல வெச்சா நின்னுடும் சார்" என்றார்.

1991-ல் யாராவது கேட்டிருந்தால் நானும் இதே பதிலைத்தான், இதே தைரியத்தோடு சொல்லியிருப்பேன். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

அப்போது திருவள்ளூர் தனி மாவட்டம் கிடையாது. 1997-ல்தான் பிரித்தார்கள். ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் ஓடுகிற எங்கள் பகுதியில் ஒரு காலத்தில் பத்து இருபது அடியில் தண்ணீர் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அறுபதுகளின் கடைசியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் போனது. விவசாயத்துக்கும் இறைத்தோம். தொழிற்சாலைகளும் வந்தன. நீர்மட்டம் இறங்கியது. மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீரே பூமிக்கடியில் உள்ளே வந்துவிட்டது. கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கி வைத்துப் பார்த்தவர்கள், அதுவும் எட்டாமல் போகவே போர் போட்டு சப்மர்சிபிளுக்கு மாறினார்கள்.

சப்மர்சிபிள் நல்ல சாமான். ஆனால் ரிப்பேர் என்றால் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். 60 மீட்டர் ஆழத்தில் மோட்டார் என்று வையுங்கள். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் மீட்டருக்கு ஐந்து கிலோவாவது வரும். ஆக 300 கிலோ. நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் பைப்புக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும், அது ஒரு 120, 130 கிலோ. பம்பும் மோட்டாரும் கேபிளும் சேர்த்து, கிட்டத்தட்ட அரை டன். இதை முக்காலி நட்டு, கை விஞ்ச்சை வைத்து, நாலு பேர் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள். இருபதடி பைப் ஒன்று வெளியே வந்ததும் கிளாம்பு போட்டு நிறுத்தி, பைப்பைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, அடுத்த இருபதடி. ஒரு போருக்கு அரை நாள். கைப்பிடி நழுவித் திரும்பி அடித்தால் தாடை பெயரும். அப்படி அடிபட்டவர்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு.

எங்களிடம் ஒரு பழைய மாஸி 1035 இருந்தது. எழுபதுகளில் செம்பியத்தில் செய்தது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். அப்பா காலத்தில் உழுதது, என் காலத்தில் ஷெட்டில் நின்றது. அதற்குள் ஹைட்ராலிக் பம்ப் சும்மாதானே இருக்கிறது, அதை வைத்து விஞ்ச் ஓட்டினால் என்ன என்று தோன்றியது.

இங்கே அந்த பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவே ஒரு அழகான சரித்திரம். ஹாரி ஃபெர்குசன் என்று வடக்கு அயர்லாந்துக்காரர், 1884-ல் பிறந்தவர். டிராக்டரும் கலப்பையும் ஒரே உடம்பாக வேலை செய்ய வேண்டும் என்று மூன்று முனை இணைப்பையும் ஹைட்ராலிக் லிஃப்டையும் சேர்த்து உருவாக்கியவர். 1938-ல் ஹென்றி ஃபோர்டோடு பத்திரம் எதுவும் எழுதாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார் (அது பின்னால் கோர்ட் வரை போனது வேறு கதை). 1946 முதல் கோவென்ட்ரியில் வந்த அவருடைய சாம்பல் நிற டிஇ-20 டிராக்டரை ஓட்டிக்கொண்டு எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கே போய்ச் சேர்ந்தார். 1953-ல் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்த பிறகுதான், சில வருஷம் கழித்து "மாஸி ஃபெர்குசன்" என்ற பெயர் வந்தது. அந்த வம்சத்து வண்டிதான் நம் ஊரில் அறுபதுகளிலிருந்து ஓடியது.

அவருடைய பம்ப் பின் ஆக்ஸில் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கி இருக்கும். அதைச் சுற்றுவது பி.டி.ஓ. ஷாஃப்ட். பி.டி.ஓ. லீவரைப் போட்டால்தான் லிஃப்ட் தூக்கும். இன்னொரு விசேஷம், மற்ற பம்புகளில் எண்ணெய் வெளியேறும் பக்கத்தில் கண்ட்ரோல் வால்வு இருக்கும், இதில் உள்ளே உறிஞ்சும் பக்கத்தில். தேவை இல்லாதபோது பம்புக்கு எண்ணெயே கிடைக்காது, சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அதனால் வெளியே எண்ணெய் எடுக்க வேண்டுமானால் லீவரை, நிற்காமல் பம்ப் பண்ணும் நிலையில் வைக்க வேண்டும். பிரஷர் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டுக்கு மேல் தாராளமாகத் தரும். அளவுதான் குறைவு, நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர். 12 லிட்டரும் 150 பார் பிரஷரும் என்று போட்டால் 3 கிலோவாட், அதாவது நாலு குதிரை சக்தி. முப்பத்தைந்து குதிரை எஞ்சினிலிருந்து நாலு குதிரைதான் இந்த வழியாக வரும். கேவலமாகத் தெரிகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் டிரம், 500 கிலோ லோடு, ஆறுக்கு ஒன்று கியர், ஒரு சுற்றுக்கு 100 சி.சி. மோட்டார். எழுபது பார் பிரஷரிலேயே தூக்கிவிடும். இருபதடி பைப் அரை நிமிஷத்தில் வெளியே வரும். பைப் எடுக்கிற வேலைக்கு அதற்கு மேல் வேகம் இருந்தால்தான் ஆபத்து.

ஆக, தூக்குகிற கணக்கு எல்லாம் சரியாக வந்தது. புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய மோட்டாரும் லீவர் வால்வும் வாங்கி வந்தேன். பத்து நாளில் விஞ்ச் தயார். முதல் இரண்டு மாதத்தில் இருபது போருக்கு மேல் பார்த்தோம். அரை நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. லீவரை நடுவில் வைத்தாலும் லோடு மெதுவாக இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில், நிமிஷத்துக்கு இரண்டு அங்குலம், மூன்று அங்குலம். ஹைட்ராலிக் மோட்டார் என்பது சிலிண்டர் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்காது. உள்ளே எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும், கசிவில் லோடு மோட்டாரைப் பின்னால் சுற்றும். பழைய மோட்டார் என்றால் கேட்கவே வேண்டாம். நான் என்ன செய்தேன்? கிளாம்பு போடும்வரை லீவரைத் தூக்கும் பக்கம் கொஞ்சூண்டு தள்ளிப் பிடித்துக்கொள்வேன். கசிவதற்குச் சமமாக பம்ப் தள்ளும், லோடு அசையாமல் நிற்கும். கை பழகிவிட்டது. அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

1991 மே மாதம். ஆரணி ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிராமம். வேர்க்கடலை பூ வைத்து நிற்கிறது, தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு வாரம் தாங்காது. மோட்டார் காயில் போய்விட்டது. மூன்றாவது பைப் வெளியே வந்தது. எங்கள் ஷெட் பையன், பத்தொன்பது வயசு, போர் வாயருகே உட்கார்ந்து கிளாம்பை மாட்டிக்கொண்டிருக்கிறான். நான் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் லீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கிறேன். டிரம்மில் ரோப் ஒரு சுற்று நழுவி 'டக்' என்று சத்தம். யாரோ "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினார்கள்.

டிராக்டர் ஓட்டுகிறவனிடம் "நிறுத்து" என்று கத்தினால் என்ன செய்வான்? இடது காலால் கிளட்ச்சை மிதிப்பான். நானும் மிதித்தேன்.

எங்கள் வண்டியில் ஒரே கிளட்ச். மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் சக்தியும் நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும், பி.டி.ஓ. நின்றால் பம்பும் நிற்கும். எஞ்சின் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். லீவர் பாதி திறந்த நிலையில் என் கையில். தள்ளுவதற்கு பம்ப் இல்லை. மோட்டாரில் இருந்த எண்ணெய், பாதி திறந்த அதே வழியாகத் திரும்பி டேங்குக்குப் போய்விட்டது. அரை டன் இறங்கியது. ஒன்றரை அடிதான், ஒரு நொடிகூட இல்லை. பைப்பின் சாக்கெட் கிளாம்பின் மேல் வந்து உட்கார்ந்தது. நடுவில் பையனுடைய இடது கை.

பாதி முறுக்கிய கிளாம்பு தாங்காமல் நழுவி, பைப், மோட்டார், எல்லாம் போருக்குள் போயிற்று. போர்க்காரப் பெரியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, போரை அப்புறம் பாக்கலாம். மொதல்ல பையனைத் தூக்கு வண்டியில" என்றார். நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. போருக்குள் விழுந்ததை இரண்டு நாள் கொக்கி போட்டுத் தேடினோம், வரவில்லை. கடலை காய்ந்தது. புதுப் போர் போட்ட செலவில் பாதியை இரண்டு வருஷம் தவணையாகக் கொடுத்தேன். மீதிப் பாதியைக் கொடுக்க எனக்கு வசதி இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

குறை டிராக்டருடையது அல்ல. ஃபெர்குசன் கலப்பை தூக்கத்தான் அந்த பம்பைச் செய்தார், என் மூளைக் கோளாறுக்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

அதற்குப் பின் நான் செய்ததுதான் இன்னும் வேடிக்கை. பம்ப் போதவில்லை என்று முடிவு கட்டினேன்! பி.டி.ஓ.வில் மாட்டும் தனி கியர் பம்ப் வாங்கினேன். பி.டி.ஓ. 540 சுற்று, கியர் பம்புக்கு 1500-ஆவது வேண்டும் என்று நடுவில் வேகம் கூட்டும் கியர் பாக்ஸ் செய்தேன். தனி டேங்க், தனி ஃபில்டர். இதில் ஒரு நன்மை உண்மையிலேயே உண்டு, மறுக்கவில்லை. வயலில் ஹோஸைக் கழற்றி மாட்டும்போது போகும் மண் டிராக்டரின் கியருக்குள் போகாது. ஆனால் கிளட்ச்சை மிதித்தால் இந்த பம்பும்தான் நிற்கும். அதாவது, செலவு பண்ணி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒரு வருஷம் அந்த விஞ்ச்சை யாருக்கும் ஓட்டவில்லை. ஓட்டப் பயம்.

விடை கிடைத்தது ஒர்க்‌ஷாப்பில் இல்லை, ரயிலில். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் வழியில் எவரோ செயினை இழுத்துவிட்டார். வண்டி நின்றது. எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் செயினையே பார்த்துக்கொண்டிருந்தேன். செயினை இழுத்தால் பிரேக்குக்கு சக்தி போவதில்லை. இருக்கிற சக்தி வெளியே போகிறது. குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விட்டுக்கொடுக்கிறது, காற்று போனால் பிடிக்கிறது. 1872-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த யோசனை. பெட்டி கழன்று ஓடினாலும் தானே பிடித்துவிடும். நம் லாரிகளின் பார்க்கிங் பிரேக்கும் அதேதான், ஸ்பிரிங் பிடிக்கும், காற்று விடுவிக்கும். இதை நம் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

ஷெட்டுக்குத் திரும்பி டிரம்மின் மேலேயே ஒரு பட்டை பிரேக் செய்தேன். லாரி ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடிக்கும். விடுவிக்க ஒரு சின்ன சிலிண்டர், எண்ணெய் பிரஷர் வந்தால்தான் விடும். மோட்டாரில் அல்ல, டிரம்மில் வைத்தேன். நடுவில் செயின் அறுந்தாலும், கியர் பல் போனாலும் டிரம் நிற்க வேண்டுமே.

பிறகும் ஒரு தப்பு செய்தேன். தயவு செய்து இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காலையில் தம்பி சொன்ன பதிலும் இதுதான். என் பழைய லீவர் வால்வு நடுவில் எல்லா வழியையும் அடைக்கும் ரகம். நடுவில் வைத்தேன், லோடு நின்றது. பார்த்தால் பிரேக் பிடிக்கவே இல்லை! ஏன்? லோடுக்கும் வால்வுக்கும் நடுவே பிரஷர் மாட்டிக்கொண்டு நின்றது. அந்த பிரஷரே பிரேக்கைத் திறந்து வைத்திருந்தது. லோடு நின்றது எண்ணெயால், பிரேக்கால் அல்ல. ஹோஸ் ஒன்று பிய்ந்தால், பிரேக் பிடிக்கும் முன்னால் ஒரு பைப் நீளம் போயிருக்கும். ஆகவே நடுவில் அடைக்கும் ஸ்பூலை எடுத்துவிட்டு, நடுவில் மோட்டாரின் இரண்டு வழியையும் டேங்குக்குத் திறந்துவிடும் ஸ்பூல் போட்டேன். கேட்டால் முட்டாள்தனமாகத் தெரியும். நிறுத்த வேண்டிய நேரத்தில் எண்ணெயைத் திறந்துவிடுவதா? ஆமாம். திறந்துவிட்டால்தான் பிரஷர் பூஜ்யமாகும், பூஜ்யமானால்தான் ஸ்பிரிங் பிடிக்கும்.

அதோடு மோட்டாரின் உடம்பிலேயே ஒரு கவுண்டர் பேலன்ஸ் வால்வு. இறக்கும்போது பம்ப் தள்ளுகிற அளவுக்குத்தான் லோடை இறங்க விடும், லோடு தானாக முந்தி ஓட விடாது. இதை ஹோஸுக்கு அந்தப் பக்கம் வைத்து விற்பவர்கள் உண்டு. வைத்து என்ன பிரயோஜனம்? பிய்வது ஹோஸ்தான். வார்ம் கியர் போட்டால் தானே பூட்டிக்கொள்ளும், பிரேக் வேண்டாம் என்றும் சொல்வார்கள். நம்பாதீர்கள். எண்ணெய் ஊறிய வார்ம், எஞ்சின் அதிர்வில் பூட்டை விட்டுவிடும்.

அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு மாதத்தில் ஷெட்டுக்கே திரும்பி வந்தான். நான் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு முகம் இல்லை. "இன்னா ண்ணா பண்றது, எனக்கு வேற வேலை தெரியாது" என்றான். இப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் ஷெட்டிலிருந்து ஒரு விஞ்ச் வெளியே போக வேண்டுமானால் அவர் கை காட்ட வேண்டும். சோதனையும் அவர் கண்டுபிடித்ததுதான். லோடை ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்குவார். யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. எஞ்சினை நிறுத்துவார். டிரம்மிலும் ஃப்ரேமிலும் சேர்ந்தாற்போல் ஒரு சாக்பீஸ் கோடு. பிறகு லீவரை நடுவில், தூக்கும் பக்கம், இறக்கும் பக்கம் என்று மாறி மாறித் தள்ளுவார். கிளட்ச்சையும் மிதிப்பார். பத்து நிமிஷம் கழித்து கோடு இரண்டாக உடைந்திருந்தால் அந்த விஞ்ச் வெளியே போகாது. வாங்க வந்தவர் அட்வான்ஸ் கொடுத்து லாரியோடு நின்றாலும் போகாது. இதனால் எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததுண்டு. ஒரு தடவைகூட நான் ஜெயிக்கவில்லை.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். ரோப் பத்து மில்லி என்றால் டிரம் 180, 200 மில்லியாவது இருக்கட்டும், சின்ன டிரம்மில் ரோப் சீக்கிரம் செத்துப்போகும். லோடு கடைசி வரை இறங்கினாலும் டிரம்மில் மூன்று நாலு சுற்று மிச்சம் இருக்க வேண்டும். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையை வைத்துப் பாருங்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும்.

இப்போது எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் யு.பி.வி.சி. பைப்புக்கு மாறிவிட்டார்கள், லோடு பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. பைப் எடுப்பதற்கென்றே செய்த வண்டிகளும் வந்துவிட்டன. பழைய டிராக்டரில் விஞ்ச் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். இன்றைக்கும் மாதம் ஒருவராவது ஷெட்டு வாசலில் பழைய டிராக்டரோடு வந்து நிற்கிறார். படகு இழுக்க, பட்ட மரம் சாய்க்க, கிணற்றில் தூர் எடுக்க. கிணற்றுக்குள் ஆள் இறங்கும் வேலை என்றால் நான் செய்து கொடுப்பதில்லை. ஆளைத் தூக்கி இறக்க இந்த விஞ்ச்சைத் தொடவே கூடாது.

மூன்றாம் வருஷத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மாடலை நான் குறை சொல்லிவிட்டதாக எண்ண வேண்டாம். ஸ்பூலை மாற்றுங்கள், டிரம்மில் ஒரு ஸ்பிரிங் பிரேக் வையுங்கள், பிரேக்குக்குப் போகும் எண்ணெயை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு ஷட்டில் வால்வு வழியாக எடுங்கள். முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷெட்டுக்குக் கொண்டு வாருங்கள். லோக்கலில் வந்தால் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புகிறேன். மாஸியும் அங்கேதான் நிற்கிறது, ஒரு செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். லோடுக்கு அரை டன் இரும்புக் கட்டை இருக்கிறது. சாக்பீஸ் மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டாம், அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாகச் செயலாளர் ஜாடை காட்டுகிறார்.